இருநூற்று நாற்பது துடைப்பம்

கம்பெனிக் கிடங்கின் கூரை ஒழுகி மூன்று வாரம் கழித்துத்தான் மொரோலாக்கேவுக்கு விஷயம் தெரிந்தது. அதுவும் கம்பெனி சொல்லித் தெரியவில்லை. கிடங்கு வாசலில் அகாரா பொரித்து விற்கிற பெண் ஏதோ வாங்க பாலோகுன் சந்தைக்கு வந்தவள், கடை வாசலில் நின்று, "மேடம், உங்க பேர் போட்ட பெட்டியெல்லாம் தண்ணில மிதந்துச்சே, எடுத்துட்டீங்களா?" என்று போகிற போக்கில் கேட்டாள். பயறு வடை விற்கிறவளுக்கு இருந்த அக்கறை கம்பெனிக்கு இல்லை.

மொரோலாக்கே விற்பது விக். அதிலும் மட்டமான நைலான் சமாச்சாரம் இல்லை. அசல் மனித முடியில் தைத்து, குவாங்ஜோவிலிருந்து கப்பலில் லாகோஸுக்கு வருவது. ஒன்றுக்கு அடக்க விலையே ஐம்பதாயிரம் நைரா. அப்படி இருநூற்று நாற்பது விக்கை அவள் கம்பெனியின் கிடங்கில் கொண்டுபோய் வைத்திருந்தாள். ஒரு கோடியே இருபது லட்சம். கையில் இருந்தது, கழுத்தில் இருந்தது, காரை விற்றது, எல்லாம் சேர்த்துப் போட்ட முதல். அது போனால் கடை போச்சு. கடை போனால் நாற்பத்தாறு வயதில் அவள் யாரிடமாவது போய் முடி பின்னித்தான் பிழைக்க வேண்டும்.

கம்பெனி என்பது போனில் ஆர்டர் எடுத்து ஊரெல்லாம் பொருள் அனுப்புகிற கம்பெனி. அதற்கு ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்ல மொரோலாக்கேவுக்கு வாய் கூசும், அதனால் நாமும் சொல்ல வேண்டாம். நீங்கள் சரக்கை மட்டும் கொடுங்கள், வைப்பது, கட்டுவது, வீட்டில் சேர்ப்பது எங்கள் பாடு, எங்கள் கையில் தொலைந்தாலோ கெட்டாலோ பணம் தந்துவிடுவோம் என்று தேன் ஒழுகச் சொல்லித்தான் வாங்கி வைத்தார்கள்.

மொரோலாக்கேவுக்கு யாரைப் பார்த்தாலும் இளக்காரம். பேரம் பேசுகிறவர்களைப் பஞ்சப் பரதேசி என்பாள், பேசாமல் வாங்குகிறவர்களை ஏமாளி என்பாள். ஆனால் அவளுடைய இளக்காரத்தின் பெரும்பங்கு பக்கத்துக் கடை இத்தோஹானுக்கே போய்ச் சேரும். இத்தோஹான் பெனின் நகரத்துக்காரி. அவளும் விக்தான் விற்கிறாள். சரக்கு கப்பலில் வந்து இறங்கினால் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு துறைமுகத்துக் காகிதத்தை ஒவ்வொரு வரியாகப் படிப்பாள். சுங்க வரியை ஒரு காசு குறையாமல் கட்டுவாள். சந்தையில் வேறு யாரும் செய்யாத வேலை. "கஸ்டம்ஸ்காரன் பொண்டாட்டி" என்று மொரோலாக்கே அவளுக்குப் பெயர் வைத்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவள் காதுபடவே கூப்பிடுவாள்.

மொரோலாக்கேவுக்குச் சரக்கை இறக்கித் தருகிறவன் சிலாஸ் என்கிற தரகன். அவனிடம் அவள் சொல்லி வைத்திருந்தது ஒரே ஒரு வாக்கியம்: "வரியை எவ்வளவு குறைக்க முடியுமோ குறை, எப்படிக் குறைச்சேன்னு எங்கிட்ட சொல்லாத." அவனும் நல்ல பிள்ளையாகச் சொல்லவே இல்லை.

அகாராக்காரி போனதும் மொரோலாக்கே போனை எடுத்துக் கம்பெனிக்கு நஷ்ட ஈடு கேட்டு எழுதினாள். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. 'அன்புள்ள பங்காளிக்கு' என்று ஆரம்பித்திருந்தார்கள். பங்காளி என்று சரியாகத்தான் சொன்னார்கள், சொத்தைத் தின்கிற பங்காளி. கீழே இப்படி இருந்தது: 'தங்கள் பொருள் தலைமுடி வகையைச் சேர்ந்தது. தலைமுடி இயல்பாகவே நீரில் நனையக்கூடியது, கழுவக்கூடியது. எனவே அது சேதமடைந்ததாகக் கருத இயலாது. மழைக்கால வாழ்த்துகள்.'

மொரோலாக்கே அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கிடங்கு வாசலில், அகாரா அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு கிழிந்த குடையின் கீழ் எவாரிஸ்டஸ் உட்கார்ந்திருந்தான். மடியில் லேப்டாப். முன்னால் அட்டையில் 'மீட்பு ஆலோசகர்' என்று எழுதி வைத்திருந்தான். அதே கிடங்கில் ஆறு வருஷம் வேலை பார்த்துத் துரத்தப்பட்டவன். உள்ளே எந்தப் பெட்டி எப்படித் தொலையும் என்று அவனுக்குத் தெரியும், சிலவற்றை அவனே தொலைத்திருக்கிறான் என்றும் சொல்வார்கள். கம்பெனியிடம் பணம் மாட்டிக்கொண்ட வியாபாரிகள் அவனிடம் வருவார்கள். நூற்றுக்கு இருபத்தைந்து அவனுக்கு.

"மேடம், நனைஞ்ச சரக்குதானே? காகிதத்தை மட்டும் எங்கிட்ட காட்டுங்க. உள்ள போறதுக்கு முன்னாடி காட்டுங்க, மேடம்."

"உனக்கா? கால்வாசி பணத்தை உன் குடைக்குக் கீழ கொட்டவா நான் காரை வித்தேன்?"

"குடை கிழிஞ்சிருக்கு, கொட்டினாலும் நிக்காது மேடம். காகிதத்தைப் பாக்கறதுக்குக் காசு வேணாம்."

"துரத்தி விட்ட நாய்க்கு வாசல்ல என்ன அதிகாரம்," என்று அவள் அவனைத் தாண்டிப் போனாள். எவாரிஸ்டஸ் கோபித்துக்கொள்ளவில்லை. இந்த வாசலில் கோபித்துக்கொண்டால் தொழில் நடக்காது.

உள்ளே நஷ்ட ஈட்டுப் பிரிவின் அதிகாரி பமிடெலே. முப்பது வயதிருக்கும். அந்தப் புழுக்கத்திலும் டை கட்டியிருந்தான். அவன் வாயில் அடிக்கடி வருகிற சொல் 'முறை'. முறைப்படி, முறைக்கு மாறாக, முறை என்று ஒன்று இருக்கிறது. முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் அவனுக்கு அந்த ஒரு சொல்தான் இருந்தது.

நனைந்த சரக்கைக் கம்பிக்கூண்டு ஒன்றில் குவித்து வைத்திருந்தார்கள். மொரோலாக்கே கூண்டுக்குள் கையை விட்டு ஒரு விக்கை இழுத்தாள். பாசி பிடித்து, செத்த எலி நாற்றம் அடித்தது. அதைக் கொண்டுபோய் பமிடெலேயின் மேஜையில், அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜொல்லோஃப் சோற்றுக்குப் பக்கத்தில் போட்டாள்.

"கழுவினா சரியாயிடும்னு எழுதினது நீதானே? எடு. கழுவி உன் பொண்டாட்டி தலையில வை. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு இதை வெச்சுட்டு வரட்டும். வந்தா நான் ஒரு காசு கேக்கல."

"மேடம், கோபப்படாதீங்க. நான் எழுதல, கம்ப்யூட்டர் தானா எழுதும்."

"தானா எழுதுமா? அப்ப நீ எதுக்கு டை கட்டிட்டு உக்காந்திருக்க?"

பமிடெலே சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான். பக்கத்து மேஜைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்கள். கடைசியில் அவன் இறங்கி வந்தான்.

"சரி, சேதம்னு ஒத்துக்கறேன். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கு. நீங்க என்ன விலைக்கு வாங்கினீங்களோ அதைத்தான் கம்பெனி தரும். அதுக்கு ஒரு காகிதம் வேணும். சீனாக்காரன் குடுத்த பில், இல்லன்னா கஸ்டம்ஸ் காகிதம். உங்க பேர் இருக்கணும், எண்ணிக்கை இருக்கணும், முத்திரை இருக்கணும். போன்லயே அனுப்பிடலாம், இங்க வரவே வேணாம்," என்றான். கடைசி வாக்கியத்தை ஒரு வேண்டுதலாகவே சொன்னான்.

சீனாக்காரன் பில் ஏது? அவனோடு பேசியது போனில், பணம் போனது நாணயம் மாற்றித் தருகிற ஒருவன் கை வழியாக. ஆனால் துறைமுகத்துக் காகிதம் வீட்டில் பீரோவில் இருந்தது. சிலாஸ் கொண்டுவந்து கொடுத்த அன்றே அப்படியே மடித்து வைத்தது. மூன்று பக்கம், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. மொரோலாக்கே அதில் தன் பெயரைத் தேடினாள், இருந்தது. இருநூற்று நாற்பது என்ற எண்ணைத் தேடினாள், இருந்தது. நீல முத்திரை பளிச்சென்று இருந்தது. மிச்சத்தைப் படிக்க அவள் என்ன இத்தோஹானா? போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, எவாரிஸ்டஸுக்குப் போகாமல் தப்பித்த முப்பது லட்சத்தை நினைத்து, அன்றைக்கு ஒரு முழு வறுத்த மீன் வாங்கிச் சாப்பிட்டாள்.

ஐந்தாம் நாள் பணம் வந்தது. ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் நைரா.

ஏதோ முதல் தவணை என்று நினைத்தாள். பிறகு கூடவே வந்திருந்த செய்தியைப் பார்த்தாள். 'அன்புள்ள பங்காளிக்கு, தாங்கள் அளித்த சுங்க ஆவணத்தின்படி பொருள்: பிளாஸ்டிக் துடைப்பம், கைப்பிடி இல்லாதது. எண்ணிக்கை: 240. ஒன்றின் மதிப்பு: 700. முழுத் தொகையும் வழங்கப்பட்டது. கோரிக்கை முடிக்கப்பட்டது. தங்கள் வியாபாரம் மேன்மேலும் சிறக்க வாழ்த்துகள்.'

மொரோலாக்கே சிலாஸுக்குப் போன் போட்டாள்.

"துடைப்பமாடா? துடைப்பமா எழுதின?"

"மேடம், துடைப்பத்துக்குத்தான் வரி கம்மி. எல்லாருக்கும் அதான் எழுதறேன். போன வருஷம் உங்களுக்கு வாளின்னு எழுதினேன்," என்றான் சிலாஸ். அவன் குரலில் ஒரு கைத்தொழிலாளியின் பெருமை இருந்தது.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. அன்று மாலை சந்தையில் இன்னொன்றும் தெரிந்தது. அதே கூரையின் கீழ் நனைந்ததில் இத்தோஹானின் விக் நாற்பது. அவள் தன் காகிதத்தை அனுப்பினாள், ஒரு வாரத்தில் இருபது லட்சமும் வந்துவிட்டது. சண்டை இல்லை, சத்தம் இல்லை, கிடங்குப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மொரோலாக்கே தன் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, சுவருக்கு அந்தப் பக்கம் இத்தோஹான் யாருக்கோ நிதானமாக விலை சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வயிறு எரிந்தது.

மறுநாள் காலை குடைக்குக் கீழே போய் நின்றாள். எவாரிஸ்டஸ் காகிதத்தை வாங்கிப் படித்தான். முதலில் தோள் குலுங்கியது. பிறகு லேப்டாப்பைக் கீழே இறக்கி வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அகாராக்காரி என்ன என்று கேட்டாள். அவன் சொன்னான். அவளும் சிரித்தாள்.

"சிரிச்சு முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு மேடம். உள்ள போறதுக்கு முன்னாடி காட்டுங்கன்னு சொன்னேன், நாய் குலைச்ச மாதிரி போனீங்க. இப்ப கேளுங்க. இல்ல, அது முடிதான்னு நீங்க எழுதினா, கஸ்டம்ஸை ஏமாத்தினேன்னு உங்க கையாலயே எழுதிக் குடுத்த மாதிரி. ஆமா, துடைப்பம்தான்னு விட்டா, ஒரு லட்சத்தி அறுபத்தெட்டாயிரத்தோட கதை முடிஞ்சது. கூண்டுல இருக்கற முடியும் கம்பெனிக்குச் சொந்தம். பணம் குடுத்துட்டாங்கல்ல."

"பணம் குடுத்தது துடைப்பத்துக்கு."

"ஆமா."

"அப்ப துடைப்பம்தானே கம்பெனிக்குச் சொந்தம்? என் முடி எப்படி அவன் முடி ஆகும்?"

எவாரிஸ்டஸ் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். "மேடம், வேணாம்," என்றான்.

ஆனால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் ஏறியிருந்தது. அந்தக் கோபத்தில் எல்லாமே தெளிவாகத் தெரிவது போல இருந்தது. நேராகச் சந்தைக்குப் போய்ப் பிளாஸ்டிக் துடைப்பம், கைப்பிடி இல்லாதது, இருநூற்று நாற்பது வாங்கினாள். அடித்துப் பேசி ஐந்நூற்றைம்பதுக்கு முடித்தாள். அதிலும் முப்பத்தாறாயிரம் லாபம். ஒரு மஞ்சள் டான்ஃபோ வேனைப் பிடித்து, கூரை வரைக்கும் துடைப்பத்தை அடைத்துக்கொண்டு கிடங்குக்கு வந்து இறங்கினாள்.

வாசலில் மூட்டை தூக்குகிறவர்கள் பத்துப் பேரும் ஒரே நேரத்தில் பின்வாங்கினார்கள். துடைப்பம் ஒரு ஆண்பிள்ளையின் மேல் பட்டால் அவன் அதற்குப் பிறகு ஆண்பிள்ளை இல்லை என்பது லாகோஸில் படித்தவன் படிக்காதவன் எல்லோரும் நம்புகிற விஷயம். பட்டுவிட்டால் அதே துடைப்பத்தை வாங்கி அடித்தவளை ஏழு தடவை திருப்பி அடித்தால்தான் தீரும் என்பார்கள். இருநூற்று நாற்பது துடைப்பத்துக்கு எத்தனை ஏழு என்று கணக்குப் போட அங்கே யாருக்கும் தைரியம் இல்லை.

மொரோலாக்கே கையில் ஒன்றை எடுத்துக்கொண்டு பமிடெலேயின் அறைக்குள் போனாள். அவன் நாற்காலியோடு சுவர் வரை நகர்ந்தான்.

"மேடம், அதைக் கீழ வெச்சுட்டுப் பேசுங்க."

"துடைப்பத்துக்குப் பணம் குடுத்தீங்கல்ல? வெளிய வேன்ல இருக்கு, எண்ணி எடுத்துக்கோ. என் முடியைக் குடு."

"முறைப்படி..."

அவள் துடைப்பத்தை மேஜைக்கு மேலே ஒரு சாண் உயர்த்தினாள். அடிக்கவில்லை, சும்மா உயர்த்தினாள்.

பமிடெலே அவசரமாகக் கம்ப்யூட்டரைத் தட்டினான். முறை என்று ஒன்று இருக்கிறது, அதற்குள் ஏதாவது சந்து கிடைக்காதா என்று தேடினான். கிடைத்தது. அந்தக் கோரிக்கை எண்ணில் கூண்டுக்குள் இருநூற்று நாற்பது உருப்படி இருக்க வேண்டும், அவ்வளவுதான் முறை. இருநூற்று நாற்பது உள்ளே வந்தால் இருநூற்று நாற்பது வெளியே போகலாம். என்ன உருப்படி என்று முறை கேட்கவில்லை.

"ஆனா இப்படியே உள்ள கொண்டு வராதீங்க. ஆளுங்க தொட மாட்டாங்க. ஒவ்வொண்ணையும் உறையில போட்டு ஒட்டிக் குடுங்க," என்று கறுப்பு பிளாஸ்டிக் உறைகளையும், சரக்கின் அடையாளக் கோடு அச்சடித்த ஒட்டுத்தாள்களையும் நீட்டினான்.

மொரோலாக்கே வாசலில் உட்கார்ந்து மதியம் வரை துடைப்பங்களை உறையில் சுருட்டினாள். அகாராக்காரி ஒத்தாசை செய்தாள். ஒட்டுத்தாளில் என்ன அச்சாகியிருக்கிறது என்று மொரோலாக்கே பார்க்கவில்லை. காகிதத்தைப் படிக்கிற பழக்கம்தான் அவளுக்கு இல்லையே. உறையில் போட்ட பிறகு சுமைக்காரர்கள் தைரியமாக வந்து தூக்கிப் போனார்கள். எவனும் ஒன்றையும் திறக்கவில்லை. தலைமேல் கத்தி தொங்கினாலும் திறந்திருக்க மாட்டான்.

முடி மூட்டைகள் வேனில் ஏறின. போகும்போது அவள் குடையைப் பார்த்து, "இருபத்தஞ்சு பர்சென்ட்டு!" என்று கத்திவிட்டுப் போனாள். எவாரிஸ்டஸ் தலையை மட்டும் ஆட்டினான்.

வினிகரும் சோப்பும் போட்டு இரண்டு வாரம் அலசினாள். எண்பத்து நான்கு விக் கையோடு பிய்ந்து வந்தது. நூற்றைம்பத்தாறு தேறியது. அதுவும் அலசி, எண்ணெய் காட்டி, ஆவியில் வைத்து எடுத்ததும் புதுசு மாதிரி மின்னியது. போட்ட முதலில் பாதிக்கு மேல் மீண்டுவிட்டது. டிசம்பர் வந்தால் கல்யாணமும் பண்டிகையுமாக எல்லாம் விற்றுப்போகும். அந்தச் சந்தோஷத்தில், இனி அந்தக் கம்பெனியின் முகத்திலேயே முழிக்கக் கூடாது என்று போனிலிருந்து அதன் செயலியைத் துடைத்து எறிந்தாள். கணக்கை மூடச் சொல்லி எழுத வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். அவர்களுக்கு ஒரு கடுதாசி எழுதுகிற மரியாதையைக்கூடக் கொடுக்க மாட்டேன் என்றாள்.

அக்டோபரில் கம்பெனி அந்த ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரத்தை வங்கியிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது. 'தங்கள் பொருள் நல்ல நிலையில் கண்டுபிடிக்கப்பட்டது' என்று காரணம் எழுதியிருந்தார்கள். கம்பெனி வேலையே இப்படித்தான், பிச்சைக்காசு, ஒழிந்து போகட்டும் என்று காறித் துப்பிவிட்டு விட்டாள். பொருள் என்றால் எந்தப் பொருள், நல்ல நிலை என்றால் என்ன நிலை என்று அவள் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். யோசிப்பதெல்லாம் இத்தோஹான் மாதிரி ஆட்கள் செய்கிற வேலை.

நவம்பர் கடைசியில் கம்பெனி பெரிய தள்ளுபடி விற்பனை போட்டது. நான்காம் நாள் எவாரிஸ்டஸ் கூப்பிட்டான்.

"மேடம், உங்க கடையைத் திறந்து வெச்சுட்டு எங்க போனீங்க?"

"எந்தக் கடை?"

"போன்ல இருக்கற கடை. மொரோலாக்கே ராயல் ஹேர். அசல் மனித முடி, எண்பத்தஞ்சாயிரம். நல்லா ஓடுது மேடம். இதுவரைக்கும் அறுபத்திரெண்டு போயிருக்கு."

"என் முடி எங்கிட்ட இருக்குடா. அவன் எதைக் குடுத்து..." என்றவள் பாதியில் நின்றாள்.

"அதேதான் மேடம். அந்த ஒட்டுத்தாள்ல இருந்தது உங்க முடியோட கோடு. கூண்டுல ஈரம் இல்லாம, நாத்தம் இல்லாம இருநூத்தி நாப்பது உருப்படி கிடக்கு, மேல முடின்னு ஒட்டியிருக்கு. அடுத்த ஷிஃப்ட்டுக்காரன் கோட்டைப் பாத்தான், காய்ஞ்சு கிடக்குன்னு எடுத்து விக்கிற அலமாரியில அடுக்கிட்டான். உறையைத் திறந்து பாக்கலியான்னு கேக்காதீங்க. உள்ள துடைப்பம்னு அங்க எல்லாருக்கும் தெரியும். எவன் திறப்பான்?"

அபெயோகுட்டாவில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, தங்கை கல்யாணத்துக்கு என்று எண்பத்தைந்தாயிரம் கட்டி வாங்கியவள், வந்த துடைப்பத்தைத் தலையில் கவிழ்த்து, உதட்டுச் சாயம் பூசி, கண்ணாடி முன்னால் நின்று படம் எடுத்துப் போட்டாள். 'நான் கேட்டது இது, எனக்கு வந்தது இது.' உறையின் மேல் இருந்த கடைப் பெயரையும் மறக்காமல் பக்கத்தில் வைத்து எடுத்திருந்தாள். மூன்றே நாளில் நாடு முழுக்கப் பார்த்துச் சிரித்தது. வாங்கினவர்கள் எல்லோருக்கும் கம்பெனி பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, மொரோலாக்கேவின் கணக்கை மூடியது, எங்கள் நற்பெயரைக் கெடுத்த மோசடி வியாபாரி என்று அறிக்கை விட்டது. கூரை ஒழுகினதைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. பமிடெலேக்கு இன்னொரு கிடங்கில் பெரிய மேஜை கிடைத்தது என்று கேள்வி.

சந்தையில் அவளுக்குப் பெயர் ராயல் துடைப்பம். பெண்கள் கடைக்கு வந்தார்கள். வாங்க இல்லை, வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்ள. ஒருத்தி உண்மையிலேயே ஒரு விக்கைத் தொட்டுப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தக் கடையில வாங்கினேன்னு சொன்னா வீட்ல என் தலையாலயே வாசலைப் பெருக்கச் சொல்லுவாங்க," என்று சிரித்துக்கொண்டே பக்கத்துக் கடைக்குப் போய்விட்டாள். டிசம்பர் பதினைந்தாம் தேதி வரை ஒரு விக் கூட விற்கவில்லை. நூற்றைம்பத்தாறு விக், அவளுடைய மொத்த முதல், சுவரில் வரிசையாகத் தொங்கிக்கொண்டு அவளையே பார்த்தது.

பதினாறாம் தேதி அவள் ஒரு விக்கை எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு இத்தோஹானின் கடைக்குள் நுழைந்தாள். ஒன்பது வருஷத்தில் அந்த வாசலை அவள் தாண்டியதில்லை.

இத்தோஹான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விக்கின் உள் தையலைப் பார்த்தாள். முடியை வெளிச்சத்தில் பிடித்தாள், மோந்து பார்த்தாள். "நல்ல சரக்கு. நல்லா காப்பாத்தியிருக்க," என்றாள்.

"நூத்தி அம்பத்தாறு இருக்கு. உன் கடையில, உன் பேர்ல போகட்டும். அடக்க விலை குடு போதும், லாபம் நீ எடுத்துக்கோ."

"காகிதம் இருக்கா?"

மொரோலாக்கே விக்கைச் சுற்றி வந்த துணியை மடிக்க ஆரம்பித்தாள்.

"காகிதம் இல்லாத சரக்கு என் சுவத்துல ஏறாது, சிஸ்டர். உனக்குத் தெரியாதா என்ன? நான்தான் கஸ்டம்ஸ்காரன் பொண்டாட்டி ஆச்சே."

அந்தப் பெயரை இத்தோஹான் தன் வாயால் சொல்லி மொரோலாக்கே கேட்டது அதுதான் முதல் தடவை. கத்தவில்லை, குத்திக் காட்டுகிற குரலும் இல்லை. விலை சொல்கிற அதே நிதானம். மொரோலாக்கே இடுப்புப் பையிலிருந்து மூன்று பக்கக் காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். இத்தோஹான் முதல் வரியிலிருந்து படித்தாள். ஒரு வரி விடவில்லை. முத்திரையைக்கூடப் படித்தாள். வாசலில் இரண்டு பெண்கள் வந்து நின்றுவிட்டார்கள், அவள் அவர்களைப் போகச் சொல்லவில்லை.

"இந்தக் காகிதப்படி இது எழுநூறு நைரா சரக்கு," என்றாள் கடைசியில்.

"இத்தோஹான், உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன்..."

"கும்பிடாத. உக்காரு." அவள் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். "இப்படி ஒரு படிவம் இருக்கறதே உங்க யாருக்கும் தெரியாது. தப்பா எழுதினதைத் திருத்தறதுக்கு. விட்ட வரியையும் அபராதத்தையும் கட்டணும். அதுவே நாப்பது லட்சத்துக்கு மேல தின்னும். கட்டி, முத்திரை வாங்கிட்டு வந்தா, ஒண்ணு அம்பதாயிரம்னு நூத்தி அம்பத்தாறையும் நானே எடுத்துக்கறேன். கட்டறதுக்குப் பணம் இல்லன்னா முன்பணமா நான் தர்றேன், எழுதி வாங்கிட்டுத்தான் தருவேன். வேணாம்னா எடுத்துட்டுப் போ. எனக்குச் சண்டையும் இல்ல, பாசமும் இல்ல."

மொரோலாக்கே மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஒரு கோடியே இருபது லட்சத்தில் முப்பத்தைந்து லட்சம் சொச்சம் மிஞ்சும். காருக்கு ஆகாது, கழுத்துக்கு ஆகாது. கடை வாடகைக்கும் ஒரு சின்னப் பெட்டிச் சரக்குக்கும் ஆகும். அடுத்தவள் தலையைப் பின்னிப் பிழைக்க வேண்டியதில்லை. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

இத்தோஹான் பேனா மூடியைக் கழற்றினாள். வாசலில் நின்ற பெண்கள் இப்போது நான்கு பேர். ஒருத்தி போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"இறக்குமதி செஞ்சவர் பேர்?"

"உனக்குத் தெரியாதா?"

"கேக்கணும். முறை."

"மொரோலாக்கே அகின்டுன்டே."

"எண்ணிக்கை?"

"இருநூத்தி நாப்பது."

"பொருள் என்னன்னு முதல்ல எழுதிக் குடுத்த?"

மொரோலாக்கே மேஜையில் கிடந்த காகிதத்தைக் காட்டினாள். "அதான் அதுல இருக்கே."

"நீ சொல்லணும். உன் கையெழுத்து, உன் வாய்."

"துடைப்பம்," என்றாள் மொரோலாக்கே, தரையைப் பார்த்துக்கொண்டு.

இத்தோஹான் எழுதவில்லை. பேனா தாளின் மேலேயே நின்றது.

"சத்தமா சொல்லு, சிஸ்டர். பேனாவுக்குக் காது கேக்கல."